வெளிச்சவீட்டுத் திரை

நவம்பர் 4, 2000. சனி

அம்மா தூங்கிவிட்டார். போர்வைக்குள் டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுதிய தாள் எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். வன்னியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட அன்று என் பழைய கொப்பியை அடுப்பில் வைத்தவர் அவர். சோதனைச் சாவடியில் யாராவது எடுத்து வாசித்தால் என்ன செய்வது என்றார். அதில் இருந்தது சிநேகிதிகளின் பெயர்களும் ஒரு கோழிக்குஞ்சின் கதையும்தான். இந்த ஊரில் சோதனைச் சாவடி இல்லை. ஆனால் அதை அம்மாவிடம் சொல்லிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஊரின் பெயர் போர்ட் ஆன்செல். கனடாவில், ஹூரன் ஏரியின் கரையில் இருக்கிறது. ஏரி என்று புத்தகத்தில்தான் போட்டிருக்கிறது. அக்கரை தெரியாது, அலை அடிக்கும், பெரிய கப்பல் போகும். வந்த முதல் நாள் அப்பா ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, "உப்புப் போட மறந்துபோட்டாங்கள்" என்றார். எங்கள் ஊர் பாசையூரில் அப்பாவுக்குச் சொந்தப் படகு இருந்தது. டொரோண்டோவில் மாமா வீட்டில் இருந்த நாட்களில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். கடைசியில் வீட்டில் பேசுவதையே விட்டுவிட்டார். கோயில் பாதர்தான் இங்கே வெள்ளைமீன் பிடிக்கும் படகில் வேலை எடுத்துக் கொடுத்தார். படகுக்காரர் டெரிலுக்கு மடுத்தீன் என்ற பெயர் வாயில் வரவில்லை. மட் என்று கூப்பிடுகிறார். அதற்குச் சேறு என்று அர்த்தம் என நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிறேன்.

இங்கே ஹைஸ்கூல் முடிக்க வேண்டுமானால் நாற்பது மணித்தியாலம் ஊருக்குத் தொண்டு செய்யவேண்டும். நான் நூலகம் கேட்டேன். கிடைத்தது வெளிச்சவீடு.

அது கல்லால் கட்டிய பழைய கோபுரம். கப்பல்களுக்கு இப்போது அது தேவையில்லை. துறைமுகத்தின் கல்லணை நுனியில் தானாக எரியும் புது விளக்கு இருக்கிறது. பழையதை ஒரு சங்கம் பார்த்துக்கொள்கிறது; ஹார்ட்வேர் கடை வேர்ண் அதன் தலைவர். கோடையில் சனிக்கிழமைகளில் பார்க்க வருபவர்களுக்காக மட்டும் ஏற்றுவார்கள். உச்சியில் கண்ணாடிக் கூண்டு. அதற்குள் என்னைவிட உயரமான ஒரு கண்ணாடி வில்லை, வெங்காயத்தை வெட்டி அடுக்கியது போல வளையம் வளையமாக. அதைத் துடைப்பதுதான் எனக்கும் என் வகுப்பு ஷெல்பிக்கும் வேலை. கண்ணாடியில் கீறல் விழும் என்று பொத்தான் வைத்த மேல்சட்டை, சங்கிலி, மணிக்கூடு எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி ஒரு மெல்லிய துணி அங்கி தந்தார் வேர்ண். துடைத்து முடிந்ததும் கூண்டைச் சுற்றியிருக்கும் திரையை இழுத்து மூடவேண்டும். வெயில் அந்த வில்லையில் பட்டால் குவிந்து எதையாவது பற்றவைத்துவிடுமாம். ஆகவே பகலில் திரையை மூடவேண்டும், விளக்கு ஏற்றும்போது திறக்கவேண்டும்.

எங்கள் வீட்டில் நேர்மாறு.

படிக்கட்டு இரும்பு. ஓட்டை ஓட்டையாக இருக்கும், காலடியில் கீழ்த்தளம் தெரியும். இன்று பாதியில் நின்றுவிட்டேன். ஷெல்பி மேலேயிருந்து, உனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவரவா, அங்கேயே குடியிருக்கப் போகிறாயா என்று கேட்டாள்.


நவம்பர் 6, திங்கள்

நான்கு மணிக்கே இருட்டத் தொடங்குகிறது. அம்மா அதற்கு முன்பே எல்லா ஜன்னலையும் மூடிவிடுகிறார். "திரையை இழுத்துவிட்டிட்டு லைற்றைப் போடு பிள்ளை." ஒவ்வொரு நாளும் அதே வாக்கியம். பக்கத்து வீட்டுக்காரி, உங்கள் வீட்டில் ஆட்கள் இல்லை என்று நினைத்தேன் என்றாள்.

கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்தபோது எனக்கு ஏழு வயது. படகில் ஒரு தீக்குச்சிகூட உரசக்கூடாது. ஆமி ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டால் எல்லோரும் குனியவேண்டும். ஏறும்போது நாங்கள் நான்கு பேர். அண்ணனைப் பற்றி வீட்டில் கதைப்பதில்லை.

நாளை விஞ்ஞானப் பரீட்சை.


நவம்பர் 8, புதன்

நேற்றிரவு முழுக்கக் காற்று. வீட்டுச் சுவர் முனகியது. காலையில் பார்த்தால் கல்லணை நுனியில் விளக்கு இல்லை. அலை அதைக் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. திருத்த ஆட்கள் வர இரண்டு வாரம் ஆகுமாம். வெள்ளைமீன் ஓடுகிற காலம், படகுக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே அதுவரைக்கும் பழைய வெளிச்சவீட்டை ஒவ்வொரு மாலையும் ஏற்றுவது என்று கூடிக் கதைத்து முடிவு செய்திருக்கிறார்கள்.

வேர்ணுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, படி ஏற முடியாது. பள்ளிக்கூடம் விட்டதும் ஷெல்பியும் நானும் போய்த் திரையைத் திறந்து விளக்கைப் போடவேண்டும். கதவைத் திறந்து உள்ளே போக ஆளுக்கொரு திறப்பு தந்தார்; ஆறரை மணிக்கு வேர்ண் கீழே வந்து கதவைப் பூட்டுவார். காலையில் பள்ளிக்கு முன் திரையை மூடுவது ஷெல்பியின் வேலை.

முடியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்பாவின் படகும் அந்தக் கல்லணை வழியாகத்தான் வரவேண்டும். சரி என்றேன்.


நவம்பர் 9, வியாழன்

ஏற்றினோம். பல்பு என் முழங்கை அளவுதான். வில்லை அதை வாங்கி ஏரிக்கு மேலே நீட்டிப் பிடித்தது. ஷெல்பிகூட ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அப்பா இரவு சாப்பிடும்போது, "தூரத்திலயே கண்டிட்டன். கண்ணை மூடிக்கொண்டு வரலாம்" என்றார். அதை ஏற்றியது யார் என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். அம்மா அப்பாவின் சோற்றுக் கோப்பையில் இன்னொரு மீன்துண்டை வைத்தார். பிறகு என் கோப்பையிலும் வைத்தார்.


நவம்பர் 10, வெள்ளி

அப்பா இன்னும் வரவில்லை. மத்தியானம் எஞ்சின் நின்றுவிட்டதாக டெரில் ரேடியோவில் சொன்னாராம். பிறகு ரேடியோவும் இல்லை. டெரிலின் மனைவி கரையோரக் காவலுக்குச் சொல்ல, அவர்கள் தேடுவதற்கு ஹெலி அனுப்பினார்கள். இதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

ஷெல்பிக்கு ஹாக்கிப் போட்டி. நான் தனியாகப் போனேன். ஹெலி வந்தது. வெளிச்சவீட்டுக்கு மேலாலேயே போனது. கூண்டுக் கண்ணாடி எல்லாம் நடுங்கியது.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் அணைக்கவில்லை.

அம்மா செபமாலையோடு இருட்டில் இருக்கிறார். நானும் செபிக்கிறேன்.


நவம்பர் 11, சனி

வந்துவிட்டார். வந்துவிட்டார். வந்துவிட்டார்.

படகு துறைமுக வாய்க்குப் பக்கத்தில் பாறைத்திட்டில் ஏறி, தண்ணீர் புகுந்து விளக்கும் போட முடியாமல் இரவு முழுவதும் அங்கேயே கிடந்திருக்கிறது. விடியத்தான் இன்னொரு படகு போய் இழுத்துவந்தது. படகில் வேலை செய்யும் ரிக் என்ற மற்ற ஆளுக்குக் காறை எலும்பு உடைந்துவிட்டது. அப்பாவுக்கு நெற்றியில் ஒரு வெட்டு மட்டும். அம்மா சுடுதண்ணீர் வைத்து அவர் காலைக் கழுவினார். 


நவம்பர் 12, ஞாயிறு

அப்பாவும் அம்மாவும் குசினியில் அடுப்பருகே கதைத்தது எனக்குக் கேட்டது.

படகு பாறையில் ஏறியபோது டெரிலும் ரிக்கும் கீழே எஞ்சினோடு இருந்திருக்கிறார்கள். எஞ்சின் திரும்ப வேலை செய்து, கரைக்கு வந்துகொண்டிருந்த நேரம். அப்பாதான் சுக்கான் பிடித்தார். ஹெலி வந்தபோது அவர் படகின் விளக்கு முழுவதையும் அணைத்துவிட்டார். தேடி வந்த ஹெலி அவர்களைக் காணாமலே போய்விட்டது, படகும் இருட்டில் பாறையில் ஏறிவிட்டது. டெரில் மேலே ஓடிவந்து கத்தியிருக்கிறார்.

"ஏன் நூர்த்தனீங்கள்?" என்று அம்மா கேட்டார்.

"நானாக நூர்க்கேல்லை. கரையில நூந்தது. வெளிச்சவீட்டைப் பாத்துக்கொண்டுதான் வாறன், ஹெலிச் சத்தம் கேக்குது, உடன வெளிச்சவீடு இருட்டு. கரையில இருக்கிற சனம் நூர்த்தால் சும்மாவே நூர்ப்பினம்? ஏதோ தெரிஞ்சுதான் எண்டு நானும் நூர்த்தன்."

"இஞ்ச ஆர் நூர்க்கிறது? உங்களுக்கு அந்த நினைப்பு இன்னும் போகேல்லை."

"நான் கண்ணால கண்டனான், எமிலி."

"ஹெலி பறந்தது எங்களுக்கும் கேட்டது. ஊரில ஒரு வீட்டில லைற் நூரேல்லை."

கோப்பை ஒன்றை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அப்பா, "அப்ப என்ர தலையில ஏதோ பிழை" என்றார்.

இன்று துடைக்கும் வேலை இல்லை. கணக்குப் பாடம் செய்தேன்.


நவம்பர் 14, செவ்வாய்

டெரில் கேட்டதனால் வேர்ண் வீங்கிய காலோடு ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து மேலே ஏறி, பல்பையும் வயரையும் சோதித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை ஒரு நொடிகூட அணைந்திருக்க வழியில்லை என்றார். என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இங்கே எழுத நினைத்தேன். அது உண்மையா என்று தெரியவில்லை.

டெரில் அப்பாவை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாதான் போகவில்லை. நாளெல்லாம் ஜன்னலில் நின்று ஏரியைப் பார்க்கிறார். ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கிறார், பிறகு மற்றக் கண்ணை. கண் வைத்தியர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாராம். அதைக் கேட்டு அவர் இன்னும் பயந்துவிட்டார். கண் நன்றாக இருந்தால் பிழை வேறெங்கோ என்றுதானே அர்த்தம்.

மாமா போனில் கதைத்தார். திரும்பி டொரோண்டோவுக்கு வரச் சொல்கிறார். அந்தச் சாப்பாட்டுக் கடையில் இன்னும் இடம் இருக்கிறதாம்.


நவம்பர் 15, புதன்

இப்போது எழுதிவிடுகிறேன். டோர்ச்சின் வெளிச்சம் மங்குகிறது.

ஹெலி வந்ததும் நான் திரையை மூடினேன். யோசிக்கவேயில்லை. என் கை போய்விட்டது. ஏரிப் பக்கம் முழுவதையும் இழுத்து மூடிவிட்டு, வில்லைக்குக் கீழே தரையில் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டேன். விளக்கு எனக்கு மேலே எரிந்துகொண்டுதான் இருந்தது. வெளியே யாருக்கும் தெரியவில்லை. எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. எழும்பியபோது என் சப்பாத்து நனைந்திருந்தது. அதையும் எழுதிவிட்டேன்.

பிறகு திரையைத் திறந்துவிட்டுக் கீழே வந்தேன். அப்போது ஏரியில் ஒரு வெளிச்சமும் தெரியவில்லை.

சொன்னால் ரிக்கின் எலும்பு என் கணக்கில் வரும். பள்ளிக்கூடம் முழுவதும் தெரியும். ஹெலி வந்தால் மூத்திரம் பெய்யும் பிள்ளை. சொல்லாவிட்டால் அப்பா தனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நம்பி, வாழ்நாள் முழுவதும் கோப்பை கழுவுவார்.

நாளைக்குச் சொல்வேன்.


நவம்பர் 16, வியாழன்

சொல்லவில்லை.


நவம்பர் 17, வெள்ளி

பள்ளி விட்டு வெளிச்சவீட்டை ஏற்றிவிட்டு வந்தபோது அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். டெரில் கொடுத்த மழைச்சட்டையும் நீண்ட ரப்பர் பூட்ஸும் கழுவித் துடைத்து ஒரு பையில் இருந்தன. "வா பிள்ளை, வந்து சொல்லித் தா" என்றார். அப்பாவுக்கு ஆங்கிலம் படகில் போதும், இப்படியான விசயங்களுக்குப் போதாது. டொக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் நான்தான் அவருக்கு வாய்.

டெரில் மீன் கொட்டிலில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். அப்பா பையை மேசையில் வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

"சொல்லு. என்ர கண்ணில பிழையில்லை, தலையிலதான். இல்லாத இருட்டைக் கண்டனான். ரிக்கிட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லு. ஆக்களைக் கடலில கொண்டுபோற வேலை இனி எனக்குச் சரிவராது எண்டு சொல்லு."

டெரில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொட்டிலில் ஐஸ் உருகிச் சொட்டும் சத்தம் கேட்டது. அப்பா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்வது மிகச் சுலபம். நான்கு வரி. முதல் சொல்லைச் சொல்லத் தொடங்கினேன், வரவில்லை.

பிறகு வேறு சொற்கள் வந்தன. வெள்ளிக்கிழமை வெளிச்சவீட்டில் நான்தான் இருந்தேன் என்றேன். ஹெலி வந்ததும் திரையை மூடினேன் என்றேன். எங்கள் ஊரில் ஹெலி வந்தால் விளக்கை மறைக்காத வீடு மிஞ்சாது என்றேன். அப்பா கண்ட இருட்டு உண்மையான இருட்டு, அதைச் செய்தவள் நான், ரிக்கிடமும் நானே போய்ச் சொல்வேன் என்றேன்.  மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். "நான் சொன்னது இவ்வளவு இல்லையே. நீ என்ன சொன்னனி?"

"வெளிச்சவீட்டுத் திரையை நான்தான் மூடினனான் அப்பா. ஹெலிக்கு."

அவர் என் பக்கம் ஒரு அடி வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை, ஆனாலும் நினைத்தேன். அவர் அங்கிருந்த மீன்பெட்டி ஒன்றில் போய் உட்கார்ந்தார்.

"அப்ப நூந்தது மெய்தான்."

"ஓம் அப்பா."

"நான் கண்டது மெய்தான்."

"ஓம்."

இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேலே பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பாசையூருக்குப் பிறகு கண்டதில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து தேடி வந்தவனைத் துரத்தியிருக்கிறம், என்ர குஞ்சு" என்றார். பிறகு அழுதார்.

டெரில் அப்பா அழுது முடியும்வரை வலையை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, இந்த ஊரில் ஹெலி வந்தால் அது உங்களைத் தேடி வருகிறது, கொல்ல வரவில்லை, மட்டிடம் அதைச் சொல் என்றார். சொன்னேன். விளக்கை இனி அணைத்தால் அப்பாவைத் தானே தூக்கி ஏரியில் போடப்போவதாகவும் சொன்னார். அதையும் சொன்னேன். ரிக்குக்கு ஆறு வாரம் கை தூக்க முடியாது, எனக்கு ஆள் வேண்டும், திங்கட்கிழமை இருட்டோடு வா என்று சொல்லிவிட்டு, பையை அப்பாவின் மடியில் திருப்பி வைத்தார்.

வரும் வழியில் ரிக் வீட்டுக்குப் போனோம். அவருடைய அம்மா கதவை முழுவதும் திறக்கவில்லை. நான் இடைவெளியில் நின்று சொன்னேன். உள்ளேயிருந்து ரிக், பத்து வருடமாக இந்தத் துறையில் பாறைக்குப் பயப்படுகிறேன், ஒருநாளும் திரைக்குப் பயப்படவில்லை என்றார். அவருடைய அம்மா சிரிக்கவில்லை.

அப்பா வீட்டில் அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார். "தனியாவே இருந்தனி அதுக்குள்ள?"


நவம்பர் 18, சனி

வேர்ணிடமும் சொன்னேன். சங்கத்தார் கூடிக் கதைத்தார்கள். திறப்பை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். பெரியவர் ஒருவர் துணைக்கு வராமல் இனி நான் மேலே போகக்கூடாது என்பது முடிவு. வேர்ணுக்குக் கால் ஏலாது. ஷெல்பியின் அம்மாவுக்கு மாலை வேலை. வேறு யாரும் கை தூக்கவில்லையாம். ஷெல்பி தனியாகச் செய்ய ஒப்புக்கொண்டாள், ஆனால் திங்களும் வெள்ளியும் அவளுக்கு ஹாக்கி.

திங்கள் அப்பா போகிறார்.

ஷெல்பி, உன் நாற்பது மணித்தியாலத்தில் அந்தத் திரைக்குப் பின்னால் படுத்திருந்த நேரத்தைக் கழிப்பார்களா என்று கேட்டாள். நேற்றிலிருந்து எல்லோரும் என்னைக் கவனமாகப் பார்க்கிறார்கள். அவள் மட்டும் பழையபடி இருக்கிறாள்.


நவம்பர் 20, திங்கள்

அப்பா விடிய முன்னமே போய்விட்டார்.

பள்ளியால் வந்து புத்தகத்தை வைத்தேன். மூன்றரை மணி. வேர்ணிடம் போய்க் கெஞ்சிப் பார்ப்பது என்று தீர்மானித்திருந்தேன். முடியாது என்றால் கதவருகிலேயே நிற்பது. அம்மா வழக்கம்போல ஜன்னல் ஜன்னலாகத் திரையை இழுத்துக்கொண்டு வந்தார். கடைசி ஜன்னலில் நின்றார். பிறகு அப்பாவின் பழைய கோட்டை எடுத்துச் சேலைக்கு மேலே போட்டார். தலையில் கம்பளிக் குல்லா. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அம்மா மாலையில் வாசலைத் தாண்டியதில்லை.

"பெரிய ஆள் ஒண்டு வேணும் எண்டெல்லே சொன்னவை?" என்றார். "நட."

வேர்ண் திறப்பைத் தந்தார். அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, படி செங்குத்து, கவனம் என்றார். அம்மாவுக்குச் சொன்னேன். "என்னை ஏணியில ஏறாதவள் எண்டு நினைக்கிறாரோ" என்றார் அம்மா. பாதி வழியில் நான் நின்றுவிட்டேன், காலடியில் இருட்டு. அம்மாவின் கை என் முதுகில் இருந்தது.  தள்ளிக்கொண்டே வந்தது.

கூண்டில் அவர் வில்லையைத் தொடவில்லை. சுற்றி வந்து பார்த்தார். நான் விளக்கைப் போட்டுத் திரையைத் திறந்தேன். வெளிச்சம் ஏரிக்கு மேலே போனது. அம்மா ஒரு அடி பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஊர் முழுவதும் எங்களைப் பார்க்குமே என்றார். வேலையே அதுதான் என்றேன்.

"அப்பா எந்தப் பக்கத்தால வருவார்?"

காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். காற்று கண்ணாடியைத் தட்டியது. தெற்கே எங்கோ ஏதோ எஞ்சின் சத்தம். லொறியாக இருக்கலாம். எனக்குத் தெரியாமலே என் கை திரைப் பக்கம் போயிருந்தது. அம்மாவின் கையும் போயிருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

அம்மா கோட்டுப் பைக்குள் கையை விட்டார். அதற்குள் வலை கட்டும் நூல் இருந்தது. அப்பாவின் எந்தச் சட்டைப் பையிலும் அது இருக்கும். ஏரிப் பக்கத் திரையை ஒன்றாகச் சுருட்டி, இரும்புக் கம்பியோடு சேர்த்துச் சுற்றி, பல்லால் இழுத்து இறுக்கினார். பாசையூரில் வலையோடு மிதப்புக்கட்டையைக் கட்டுகிற முடிச்சு. நனைய நனைய இறுகும், கத்தி இல்லாமல் அவிழாது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். எல்லாத் திரையையும் கட்டினார். அவருடைய விரல் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்துப் பல வருடம்.

"இனி நீ நினைச்சாலும் மூடேலாது" என்றார்.

நூலின் மிச்சத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மீண்டும் ஏரியைப் பார்க்கத் திரும்பினார்.

"நான் நினைச்சாலும்" என்றார்.